காலை வெயில் படும் பக்கம்

மூன்றாவது தடவையாகவும் கொறற்றி அதையே சொன்னாள்.

"இல்லை. ஒண்டும் சொல்லேல்லை."

கேட்டவள் கமலநாயகி. கொறற்றியின் புருசன் மரியரட்ணத்தின் அடக்கத்துக்கென்று கொலோனிலிருந்து இரண்டு வாகனங்களில் வந்த தமிழ்ச் சனத்தில் ஒருத்தி. கொறற்றியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிசன் நோ என்றோ களைப்பு என்றோ வாய் திறக்காமலா போயிருப்பார் என்று கேட்டிருந்தாள். கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. சாவுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறதுதான்.

கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் நீள மேசைகளில் வெள்ளைக் கடதாசி விரித்திருந்தார்கள். ஒரு முனையில் ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த கேக்கும் கோப்பியும் இருந்தன. மறுமுனையில் கொலோன்காரர் பெட்டியில் அடுக்கி வந்த ரோல்சும் பற்றிசும். மரியரட்ணத்தோடு போத்தல் கழுவும் தொழிற்சாலையில் வேலைசெய்த நாலு பேர் கறுப்புக் கோட்டுடன் சுவரோரமாக நின்று, ரோல்சை இரண்டாகப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தபின் சாப்பிட்டார்கள். வெளியே வெயில் எறித்தது. இரண்டு மாதமாகப் பூட்டியே கிடந்த யன்னல்களை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள்.

கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற மகள் எவ்லின் தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கொலோனில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஒரு டொக்டரின் மருத்துவ நிலையத்தில் உதவியாளருக்கான தொழிற்படிப்புப் படிக்கிறாள். கையில் கோப்பிக் கூசாவோடு அவள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது கொறற்றிக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பட்டது. கமலநாயகியின் மடியிலிருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, பிளேட்டுகளை அடுக்கப் போகிறவள்போல எழும்பினாள்.

முதலில் கேட்டவர், அவர் செத்த அன்று அவசர வண்டியில் வந்த டொக்டர். மலையடியில், கல் மதிலோரமாக நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டே, இதற்கு முன் நெஞ்சு நோ ஏதும் இருந்ததா என்று கேட்டார். கொறற்றி ஜெர்மனில் "நைன்", இல்லை, என்றாள். யோசிக்க முன்னமே அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. அன்று பின்னேரமே கொலோனிலிருந்து ஓடிவந்த மரியரட்ணத்தின் தம்பி ஜேசுரட்ணமும் கேட்டார். டொக்டருக்குச் சொன்னதை இனி மாற்ற ஏலாது என்பதுபோல, டொக்டருக்கும் இதைத்தான் சொன்னனான் என்று அவருக்கும் அதையே சொன்னாள். அப்போது அவரோடு வந்த எவ்லினும் பக்கத்தில் நின்றாள். இன்றைக்கு மூன்றாவது முறை சொன்னபோது குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. கொறற்றிக்குப் பயமாக இருந்தது அதனால்தான்.

அவர்கள் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம். ஜெர்மனியில் அகதி என்று பதிந்தவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய எண்பத்தைந்தாம் ஆண்டில், மன்னாரிலிருந்து வந்த மரியரட்ணத்தையும் மனைவியையும் ஏழு வயது மகளையும் கந்தோர்க்காரர் மோசல் ஆற்றின் வளைவொன்றில் இருந்த இந்தச் சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் ஐம்பது அறுபது வீடுகள், ஒரு கோயில், ஒரு முதியோர் இல்லம். வீடுகளுக்குப் பின்னால் சுவர்போல எழும்பி நின்றது மலை. மலை முழுக்கத் திராட்சை. கொறற்றி முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மரியரட்ணம் தொழிற்சாலையில் போத்தல் கழுவினார்.

விசா உறுதியானதும் சுற்றுவட்டாரத்தில் இருந்த தமிழர் ஒவ்வொரு குடும்பமாகக் கொலோனுக்குப் போய்விட்டார்கள். கொறற்றியும் போகத்தான் நினைத்தாள். அங்கே மாதமொருமுறை தமிழ்ப் பூசை இருந்தது. சொந்தக்காரர் இருந்தார்கள். கதவைத் தட்டி, சும்மா வந்தனான் என்று சொல்லி உள்ளே வர ஒரு மனுசி இருப்பாள். இங்கே அவளோடு தமிழில் கதைக்க இருந்தது புருசனும் பிள்ளையும் மட்டும்தான். பிள்ளையும் பள்ளிக்கூடம் போன இரண்டாம் வருடத்திலேயே ஜெர்மனில் மறுமொழி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

போகமாட்டேன் என்று மரியரட்ணம் ஒருநாளும் சொன்னதில்லை. தொண்ணூற்றிரண்டில் கொலோனில் ஒரு வீடு வாய்த்தபோது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு கிழமை எழும்ப முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொரு வீடு வந்தபோது முழங்கால் வீங்கியது. நோ பொய்யில்லை, அது கொறற்றிக்கும் தெரியும். ஆனால் வீடு கைவிட்டுப் போன மறுகிழமையே மனிசன் எழும்பி மலைக்குப் போய்விடுவார்.

மலையில் அவருக்கு ஒரு துண்டு இருந்தது. பிராவ் தைசன் என்ற விதவையின் காணி. நானூறு கொடிக்குக் கொஞ்சம் கூட வரும். உழவு இயந்திரம் ஏற முடியாத செங்குத்து. அவளுடைய புருசன் செத்தபின் யாரும் தொடாமல் முட்செடி பிடித்துக் கிடந்தது. மரியரட்ணம் ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டி, அதை நான் பார்க்கட்டுமா என்று தன் உடைந்த ஜெர்மனில் கேட்டார். மரியா பெண்ணின் பெயரல்லவா என்று சிரித்த தைசன், அன்றிலிருந்து அவரை ஹெர் ரட்ணம், அதாவது ரட்ணம் ஐயா, என்றே கூப்பிட்டாள். கொடி வெட்டவும் கட்டவும் அவளே அடியில் நின்று தடியால் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு மூட்டு வருத்தம், மேலே ஏற மாட்டாள்.

அங்கை உங்களுக்கு என்னதான் இருக்கு என்று கொறற்றி ஒருமுறை கேட்டிருக்கிறாள். கோபமாகத்தான் கேட்டாள். மரியரட்ணம் கோபிக்கவில்லை.

"இந்த நாட்டில எங்களுக்கு எல்லாம் தந்தாங்கள், கொறற்றி. கட்டில் தந்தாங்கள், ஊர் தந்தாங்கள், வேலை தந்தாங்கள். நானாப் போய்க் கேட்டு வாங்கினது இது ஒண்டுதான்."

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஜேசுரட்ணம் தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துச் சொன்னார். மூன்று அறை. ஒக்ரோபர் முதலாம் திகதி திறப்பு கையில் தருவார்கள். மரியரட்ணம் பேசாமல் கையெழுத்து வைத்தார். ஒன்று மட்டும் கேட்டார். ஒக்ரோபர் நடுவில்தான் அறுவடை, நீங்கள் முதலில் போங்கோ, நான் பழத்தைப் பறித்துக் கொடுத்துவிட்டு இரண்டு கிழமை பிந்தி வாறன் என்றார். கொறற்றி சரி என்றாள். இரண்டு கிழமைக்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

ஜூனில், கொடி பூக்கிற நேரத்தில், மழை தொடங்கியது. முதலில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அது நிற்கவே இல்லை. கிழக்கே ஓடர் ஆறு பெருகி ஊர்களுக்குள் புகுந்ததைத் தொலைக்காட்சி ஒவ்வொரு நாளும் காட்டியது. இங்கே வெள்ளம் வரவில்லை, விடாத ஈரம்தான். சலவைக்கூடத்தில் துணி காயவில்லை. வீட்டில் உப்புப் போத்தலுக்குள் உப்பு கட்டிபட்டது. மலையில் இலைகளின் மேல் எண்ணெய் தெறித்ததுபோல மஞ்சள் பொட்டு விழுந்தது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். மரியரட்ணம் அப்படி ஒரு இலையைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தது கொறற்றிக்கு நினைவிருக்கிறது. சாப்பிடுகிற மேசையில் ஏன் இதை வைக்கிறீங்கள் என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

அதற்கு மருந்தடிக்க வேண்டும். மருந்து இலையில் காய்ந்து பிடிக்கச் சில மணித்தியாலமாவது மழை பெய்யக்கூடாது. பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி அடிக்க வேண்டும். மற்றவர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து ஹெலிகொப்டரில் அடித்தார்கள். மரியரட்ணத்தின் துண்டு ஒரு மூலையில், பாறைக்கும் மதிலுக்கும் இடையில் இருந்தது. அவர் பதினைந்து லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை தொழிற்சாலை. வந்து அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, வானொலியில் வானிலையைக் கேட்டுவிட்டு, வெளியே போய் அண்ணாந்து பார்ப்பார். பிறகு சப்பாத்தைக் கொழுவுவார். ஒரு பின்னேரம் நாலு தரம் ஏறி இறங்கினால்தான் காணி முழுவதும் மருந்து படும். பல நாளில் மூன்றாம் தரம் ஏறும்போது மழை வந்துவிடும்.

இது கடைசி வருடம்தானே, போனால் போகட்டும் என்று கொறற்றி சொன்னாள். கடைசி வருசமெண்டபடியாத்தான் என்றார் அவர்.

ஜூலை நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். கொறற்றி கொலோனுக்குக் கொண்டுபோகிற பிளேட்டுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை மாதம் இருந்தது. ஆனாலும் தொடங்கிவிட்டாள். பெட்டிகள் கண்ணுக்கு முன்னால் இருந்தால் மனிசன் இந்த முறை பின்வாங்க மாட்டார் என்று அவளுக்குள் ஒரு கணக்கு. மரியரட்ணம் நனைந்து வந்து கதிரையில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர், கழற்றாமல் நிமிர்ந்தார். நெஞ்சின் நடுவில் கையை வைத்துத் தடவினார்.

"மேல ஏறேக்க இதுக்க ஏதோ இறுக்கிப் பிடிக்குது, கொறற்றி. நிண்டா விடுது. ஏறினாத் திருப்பிப் பிடிக்குது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது.

"கொலோன் எண்டா உங்களுக்கு ஒரு நோ வந்திடும்" என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்தது அவளுக்குக் கேட்டது. வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கழற்றாத சப்பாத்தோடேயே எழும்பி, மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அந்த நோவைப் பற்றி அவளிடம் கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் அவர் படியில் நின்று மூச்சு வாங்கினதைக் கண்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

ஜூலையின் கடைசி வியாழக்கிழமை மழை இல்லாமல் விடிந்தது. மரியரட்ணம் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு சொல்லியிருந்தார். வாசலில் நின்று, இண்டைக்குக் குலையைச் சுத்தியிருக்கிற இலையெல்லாம் எடுத்துவிட்டாத்தான் காத்துப் படும், பழம் தப்பும் என்று என்னவோ சொன்னார். கொறற்றி வேலைக்குப் பிந்திவிட்டது என்று திறப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ம் என்றாள்.

பதினொரு மணியளவில், அவரது நீலச் சேட்டு ஒரே இடத்தில் அசையாமல் கிடப்பதைப் பிராவ் தைசன் தன் வீட்டு யன்னலிலிருந்து கண்டிருக்கிறாள். குனிந்து வேலைசெய்கிறார் என்று முதலில் நினைத்தாளாம். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் பார்த்தபோதும் அதே இடம். பக்கத்துக் காணிக்காரனைக் கூப்பிட்டாள். தீயணைப்புக்காரர் வந்து தூக்குப்படுக்கையில் கட்டி, படி படியாக இறக்கினார்கள். சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த கொறற்றியைக் கந்தோரில் இருந்து வந்து கூப்பிட்டார்கள். அவள் ஓடிவந்து மலையடியில் மதிலோரமாக நின்றாள். அங்கே நிற்கும்போது முதுகில் வெயில் சுட்டது.

அடக்கம் முடிந்த அன்று பின்னேரம் எல்லோரும் போய்விட்டார்கள். ஜேசுரட்ணம் கடைசியாகப் போனார். அண்ணி, வீட்டு அலுவலைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ, செப்ரெம்பர் கடைசியில நான் வானோட வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்லின் ஒரு கிழமை நிற்பதாகச் சொன்னாள். இரண்டு பேரும் மண்டபத்தில் மிஞ்சின பற்றிசைச் சாப்பிட்டுவிட்டு படுத்தார்கள்.

அடுத்த நாள் காலையில் பிராவ் தைசன் வந்தாள். மூட்டு வருத்தத்தோடு இந்தத் தெருவரை நடந்துவந்ததில் முகம் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. ஹெர் ரட்ணத்தின் ஜக்கெற்றும் பையும் இன்னும் மேலேதான் கிடக்கின்றன, அந்த அவசரத்தில் ஒருவரும் எடுத்துவரவில்லை, தன்னால் ஏற ஏலாது என்றாள். வெயில் இன்னும் ஒரு கிழமைக்கு இருக்குமாம், இலையை எடுத்துவிட்டால் பழம் தப்பும், மற்றவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் காணியில் நிற்கிறார்கள் என்று, ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள். உங்களைக் கேட்கவில்லை, சொல்ல மட்டும்தான் வந்தேன் என்றாள். போகத் திரும்பினவள் நின்று, எடுக்கிறதென்றால் காலை வெயில் படும் பக்கத்து இலையை மட்டும்தான் எடுக்க வேண்டும், மற்றப் பக்கத்து இலையை விட வேண்டும், பின்னேர வெயில் பழத்தைச் சுட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வாறன் என்று கொறற்றி சப்பாத்தைத் தேடினாள். எவ்லினும் கூட வெளிக்கிட்டாள்.

பன்னிரண்டு வருடத்தில் கொறற்றி அந்த மலையில் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறாள், வந்த புதிதில் படம் எடுக்க. அதுவும் பாதிவரைதான். இப்போது மதிலில் செதுக்கியிருந்த கல் படிகளில் ஏறி, பிறகு சாம்பல்நிறப் பலகைக் கற்கள் காலுக்குக் கீழே வழுக்கி ஓட ஓட, கொடி கட்டின கம்பங்களைப் பிடித்துப் பிடித்துப் போனாள். மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போதெல்லாம் நெஞ்சு காதுக்குள் அடித்தது. வெறும் கையோடு ஏறவே இப்படி. பதினைந்து லீற்றர் என்று அவள் நினைத்தாள். ஒரு பின்னேரத்தில் நாலு தரம்.

ஜக்கெற் ஒரு கம்பத்தின் தலையில் தொங்கியது. அதன் கீழே பை. பைக்குள் சுடுதண்ணிப் போத்தலும், ஈயக் கடதாசியில் சுற்றின பாணும், பழுதான பழத்தை வெட்டுகிற சின்னக் கத்தரியும். எவ்லின் பாணைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

அவர் எதுவரை வந்திருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒன்பதாவது வரிசையின் நடுவரை, கொடிகளின் கீழ்ப்பக்கம் திறந்திருந்தது. பச்சைக் குலைகள் வெயிலில் காய்ந்து தூசி பிடித்ததுபோல நின்றன. அதற்கப்பால் எல்லாம் இருட்டாக, இலையோடு இலை ஒட்டிக் கிடந்தது. இலை எடுத்த பக்கம் முடிகிற இடத்தில் பறித்த இலைகள் நிலத்தில் கும்பலாகக் கிடந்து, தீயணைப்புக்காரரின் சப்பாத்துகளால் கல்லோடு மிதிபட்டுக் கறுத்திருந்தன. அந்தக் கடைசிக் கொடியில் பாதி இலை எடுத்திருந்தது. பாதி எடுக்கவில்லை.

கொறற்றி ஜக்கெற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கொடியைப் பார்த்தாள். பிறகு ஜக்கெற்றை மறுபடி கம்பத்தில் கொழுவிவிட்டு, ஒரு இலையைப் பிடித்துக் கிள்ளினாள். காம்பு நினைத்ததைவிடச் சுலபமாக முறிந்தது.

எவ்லின் கத்தரியை எடுத்துக்கொண்டு வரிசையின் மறுபக்கம் போனாள். அந்தப் பக்கத்தில் இலை எடுக்கக்கூடாது. பழுப்பாகிச் சுருங்கின மணிகளைக் கைவிட்டுத் தேடி வெட்டி எறிய வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இலைச் சுவர். சருகு மிதிபடுகிற சத்தமும் கத்தரிச் சத்தமும்தான் கேட்டன. இரண்டு கொடி, மூன்று கொடி போயிருக்கும்.

"அம்மா."

"ம்."

"அப்பா எனக்குச் சொன்னவர்."

கொறற்றியின் கை இலையில் நின்றது.

எவ்லின் இலைச் சுவருக்கு அப்பாலிருந்து சொன்னாள். தமிழில் தொடங்கி, இடையில் ஜெர்மனுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தாள். ஜூலை இருபதாம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா டெலிபோன் எடுத்திருக்கிறார். அம்மா பூசைக்குப் போன நேரம். மலை ஏறினால் நெஞ்சு இறுக்குது, நீ டொக்டரோடதானே வேலைசெய்யிறாய், இது என்னவாயிருக்கும் என்று கேட்டிருக்கிறார். அவள் நாளைக்கே ஊர் டொக்டரிடம் போகச் சொன்னாள். அவர் மருந்தடிப்பு முடியட்டும் என்றார். அவள் தன் வேலையிடத்திலிருந்து கொலோனில் ஒரு இருதய டொக்டரிடம் நாள் எடுத்துக் கொடுத்தாள். ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி. வருகிற செவ்வாய்க்கிழமை.

"என்ர டொக்டரிட்டச் சொல்லியிருந்தா அவர் போன் எடுத்து அடுத்த நாளே கிடைக்கப் பண்ணியிருப்பார். எனக்குக் கேக்க வெக்கமா இருந்தது. மூண்டு கிழமைதானே எண்டு நினைச்சன்."

கொறற்றி பிடித்திருந்த இலையைக் கிள்ளாமல் விட்டாள்.

"அம்மாவுக்குச் சொல்லாதை எண்டவர். கொலோன் போறதைக் குழப்பத்தான் நோ எண்டு சொல்லுறன் எண்டு அம்மா நினைப்பா எண்டவர். அதுதான் நான் சொல்லேல்லை." மறுபக்கத்தில் ஒரு மணி வெட்டுப்பட்டு விழுந்தது. "நீங்கள் எல்லாருக்கும் அவர் ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுறீங்கள். நான் பக்கத்தில நிண்டு கேக்கிறன். எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்குது அம்மா. எனக்கு மட்டும்தான்."

மண்டபத்தில் எவ்லின் பார்த்த பார்வை இப்போது கொறற்றிக்கு விளங்கியது. பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. இனித் தெரியவும் வராது. பேசாமல் நின்றால் போதும். உன்னில பிழையில்லை பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பிள்ளை அழும், நல்ல தாய் என்றும் நினைக்கும். அந்த ஒரு வசனத்தைச் சொல்லக் கொறற்றி வாயைத் திறந்தாள். கொலோன் போறதைக் குழப்ப என்று அவர் சொன்ன சொல் நெஞ்சுக்குள் போய் நின்றுகொண்டது. ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்குப் பிறகு வந்த ஞாயிறு. ஐந்து நாள் அவர் அவள் குசினியில் சொன்ன சொல்லைக் காவிக்கொண்டு மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

"எனக்கும் சொன்னவர்" என்றாள்.

மறுபக்கம் கத்தரி நின்றது.

"உனக்குச் சொல்ல முன்னம். செவ்வாய்க்கிழமை. குசினியில."

"என்ன சொன்னவர்?"

"உனக்குச் சொன்னதுதான். ஏறேக்க இறுக்குது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

இதைச் சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று கொறற்றி நினைத்திருக்கவில்லை. ஒரு சின்ன வசனம். அன்று சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"கொலோன் எண்டா உங்களுக்கு ஒரு நோ வந்திடும் எண்டன்."

கீழே ஆற்றில் சரக்குப் படகொன்று வளைவைத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் இயந்திரச் சத்தம் வெகுநேரம் மலையில் மோதிக் கேட்டது.

"அதுக்கு அப்பா?"

"சிரிச்சவர். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போயிட்டார்."

மறுபக்கத்தில் சருகு மிதிபட்டது.

"நீ நாளெண்டாலும் எடுத்துக் குடுத்தனி" என்றாள் கொறற்றி. "நான் அவரைத் திரும்பியும் பாக்கேல்லை."

"டொக்டருக்கும் இல்லையெண்டீங்கள்."

"ஓம்."

"சித்தப்பாவுக்கும்."

"ஓம்."

"நான் பக்கத்தில நிக்கேக்க."

"ஓம்."

மறுபக்கத்தில் பிள்ளை அழுகிறாளா, கோபத்தோடு நிற்கிறாளா என்று இலைச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கொறற்றியால் அறிய முடியவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். அவள் போகவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இலையைக் கிள்ளினாள். ஒன்று, பிறகு ஒன்று. கிள்ளின இலைகள் சரிவில் உருண்டு கல்லிடுக்கில் தங்கின. வெயில் ஏறி முதுகு வியர்த்தது. கொடியின் அடிப்பக்கம் மெல்லத் திறந்து, அதற்குள்ளே ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு தொங்கின குலைகளும், அவற்றுக்கு அப்பால் எவ்லினின் கறுப்புச் சேட்டின் ஒரு துண்டும் தெரிந்தன.

அவள் அங்கேயேதான் நின்றாள். போய்விடவில்லை.

கொஞ்ச நேரத்தின் பின் மகளின் கை குலைகளுக்குள் வந்தது. விரல்களில் பழச்சாறும் மண்ணும் ஒட்டியிருந்தன. ஒரு குலையின் நடுவில் ஐந்தாறு மணிகள் தோலாய்ச் சுருங்கிக் கிடந்தன. கத்தரியின் நுனி அவற்றை எட்டப் பார்த்தது. குலை ஆடி ஆடி விலகியது. கொறற்றி இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி அந்தக் குலையைக் கீழே ஏந்தி, பழுதான மணிகள் மகளின் பக்கம் வரும்படி திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டாள். எவ்லின் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள்.